சுவருக்கு மேலே வந்த பேச்சு

சட்டைக் கழுத்துக்குள் விழுந்த அட்டை கடிக்கும்போது வலிக்காது. சில்லென்று ஏதோ ஊர்வது மட்டும் தெரியும், பிறகு பார்த்தால் வெள்ளைச் சீருடையில் இரத்தம் இறங்கியிருக்கும். கொட்டகலைப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் மழை பிடித்துவிட்டால், அட்டை ஏறாமலிருக்கக் காலில் "சவுக்காரம்", அதாவது சோப்பு, தேய்த்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவோம். ஆனால் என்னைக் கடித்த அட்டை காலில் ஏறி வந்ததல்ல. எங்கள் அறைக்கு அடுத்த "காம்பரா"வில் குடியிருந்த மல்லிகாக்கா, என்னைவிட இரண்டு வகுப்புப் பெரியவள், தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் என் சடையைப் பிடித்து நிறுத்தி, சாப்பாட்டு ரொட்டியைப் பிடுங்கிக்கொண்டு, குச்சியில் எடுத்த அட்டையைக் கழுத்துக்குள் போடுவாள். "வீட்டுல சொல்லிப் பாரு, எனக்குக் கேக்கும்டி" என்பாள்.

சத்தியமாகக் கேட்கும். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் ஒரு காம்பராவையும் அடுத்ததையும் பிரித்த சுவர் கூரைவரை எட்டாது. இந்தப் பக்கம் மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அதனால் பெரியவர்கள் தங்களுக்குள் ஒரு மரியாதை வைத்திருந்தார்கள்: சுவருக்கு மேலே வந்த பேச்சு, சண்டையோ அழுகையோ, காதில் விழாததுபோல இருந்துவிட வேண்டும். நானோ வாயைத் திறக்கப் பயந்து, வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட ஆரம்பித்தேன். இனிமேல் போகவே வேண்டாம் என்றும் முடிவு செய்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனேன். மலையில் சுவர் இல்லை என்ற தைரியத்தில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அம்மாவின் கை நிற்கவில்லை.

"தெரியும் பாப்பா. அவ சிரிச்சிக்கிட்டு அவ தங்கச்சிக்கிட்டச் சொன்னது எல்லாம் கேட்டுச்சு. லயமே கேட்டுச்சு."

தெரியுமா? தினமும் என் கழுத்துப்பட்டியின் இரத்தத்தைத் தேய்த்துக் கழுவிய கைக்குத் தெரியுமா? வாசலில் என்னைப் பார்த்துச் சிரித்த அத்தனை பேருக்குமா?

"அப்பறம் ஏன்ம்மா சும்மா இருந்தீங்க?"

"சொவரு மேல வந்தத வச்சு நாயம் கேக்கப் போனா, நாளைக்கி யாரு யாரு மொகத்துல முழிக்கிறது? நீ வாயத் தொறந்து சொல்லட்டும்னு தான் இருந்தேன்."

நான் சொன்னபிறகு அம்மா ஒரு நிமிடமும் தாமதிக்கவில்லை. கூடையோடு போய், பக்கத்து நிரையில் நின்ற மல்லிகாக்காவின் அம்மாவிடம், "அக்கா, எம் புள்ள வாயால சொல்லிருச்சு. இனிமே கேக்காம இருக்க மாட்டேன்" என்றார். அந்த அம்மா தலைகுனிந்து, "இனி நடக்காது தங்கச்சி" என்றார். நடக்கவும் இல்லை. இவ்வளவு சுலபமாக முடிகிற காரியத்துக்கா நான் அந்த மழைக்காலம் முழுவதும் செத்துப் பிழைத்தேன் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது.

பிள்ளைகள் பெரியவர்களிடம் சொல்லத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சொல்லட்டும் என்று காத்திருக்கிற பெரியவர்களை என்ன செய்வது?

அந்த லயம் இப்போது இல்லை. தனி வீட்டில் இருக்கிறோம்; சுவர் கூரையைத் தொடுகிறது, என் மகளின் அறைக்குக் கதவும் இருக்கிறது, ஒரு சத்தமும் வெளியே வராது. போன வாரம் அவள் சீருடையைத் துவைக்கும்போது தோள்பட்டை கிழிந்திருந்ததைப் பார்த்தேன். ஈரக் கையோடு போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரு கிழிச்சது?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது.

"நீங்க எப்பக் கேப்பீங்கன்னு தான்ம்மா இருந்தேன்."