அண்ணனும் மோடம் விளக்கும்

என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மலேசியாவின் பினாங்கில், செபராங் ஜெயாவில் ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போடும் வேலை. பள்ளியில் அவரோடு படித்த நண்பர், அவரும் காது கேளாதவர்தான், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டார். ஒரு கடிதம் போய்ப் பதில் வர மூன்று வாரமாகும். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், நண்பரின் கடிதத்தின் அடியில் ஓர் இமெயில் முகவரி இருந்தது. அண்ணன் அதை என் முன்னால் வைத்து, ‘இது உன் வேலை’ என்று சைகை காட்டினார்.

நான் அப்போது பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது என் பிரிவு. அங்கே ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி, கடலைக் கடக்கும் பெர்ரியில் ஏற்றி, தீவில் இருந்த எங்கள் ஜார்ஜ்டவுன் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மோடம் மட்டும் புதிது. போன் வயரை அதில் செருகினேன். கீச்சென்று கத்தி, இணைப்பும் கிடைத்தது. ஆனால் நண்பரின் முதல் இமெயில் நாலு வரி வந்ததுமே எழுத்தெல்லாம் குப்பையாகி நின்றுவிட்டது. மறுபடி முயன்றாலும் அதே கதை.

மோடம் விற்ற கடைக்காரரிடம் போனேன்.

“கம்ப்யூட்டர் ரொம்ப பழசுலா, தங்கச்சி. புதுசு வாங்கிடுங்க.”

“பழசுன்னா என்னண்ணே? எது ஓடலைன்னு சொல்லுங்க, பாத்துக்கிறேன்.”

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் தெரிந்துகொள்ள முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க வயரை மாற்றினேன், போன் பிளக்கை மாற்றினேன். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து மோடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இமெயில் ஆறாவது முறை நின்றபோது என் தோளைத் தட்டி, மோடத்தின் சிவப்பு விளக்கைக் காட்டினார். திரை அசையவில்லை. விளக்கு மட்டும் இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தது. பிறகு, குழந்தைக்கு ஒருவர் அவசர அவசரமாகச் சோறு ஊட்டுவதுபோலவும், குழந்தை விழுங்க முடியாமல் துப்புவதுபோலவும் நடித்துக் காட்டினார்.

எனக்கு உடனே புரிந்தது. போன் லைனில் கோளாறு இல்லை. மோடம் சரியாக வாங்கித் தருகிறது. மோடத்தைச் செருகியிருந்த கம்ப்யூட்டரின் பழைய போர்ட்டால்தான் அந்த வேகத்தில் வாங்கிக்கொள்ள முடியவில்லை. நான் போன் பக்கமே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையிலான வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு மறுபடி டயல் செய்தேன்.

இமெயில் வரிவரியாக, மெதுவாக, முழுசாக வந்தது. நண்பர் தன் மகள் நடக்கத் தொடங்கியதை எழுதியிருந்தார். அண்ணன் இரண்டு முறை படித்துவிட்டு, என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி, தானே உட்கார்ந்து பதில் தட்டினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே நண்பரின் பதிலும் வந்துவிட்டது. அண்ணன் சிரித்துக்கொண்டே மேசையை ஓங்கி அடித்ததில், அடுப்படியிலிருந்து அம்மா ஓடிவந்தார்.

“என்னம்மா ஆச்சு?”

“ஒண்ணுமில்லம்மா. அண்ணன் கூட்டாளிகிட்ட பேசிக்கிட்டிருக்காரு.”

அம்மா நம்பாமல் திரையை எட்டிப் பார்த்தார். அப்புறம் அங்கேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அடுத்த மாதமே பாகான் டாலாமில் இருந்த அண்ணனின் இன்னொரு பள்ளி நண்பர், தன் வீட்டிலும் இமெயில் வரவைக்க எங்களைக் கூப்பிட்டார். அவருடையது எங்களுடையதைவிடப் பழைய கம்ப்யூட்டர். மோட்டார் சைக்கிளை நான் ஓட்டினேன். பின்னால் அண்ணன், மடியில் மோடம்.