காசிக்குப் போகாமலே முந்திரியை விட்டவர்

தூத்துக்குடியில் பிறந்தவருக்கு மக்ரூன் ஆகாது என்றால் அது எவ்வளவு பெரிய சங்கடம் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. முந்திரிப் பருப்பும் சீனியும் முட்டையின் வெள்ளைக்கருவும் சேர்ந்த பண்டம் அது. இந்த ஊரில் சம்பந்தம் பேசப் போனாலும் மக்ரூன், புது வீடு பார்க்கப் போனாலும் மக்ரூன், ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் பார்க்கப் போனாலும் மக்ரூன். செந்தூர்வேலுக்கோ முந்திரி ஆகாது. அரிப்பு, தும்மல் என்று லேசாக அல்ல, உயிருக்கே ஆகாது.

சின்ன வயதிலிருந்தே முந்திரி தின்றால் அவருக்கு நாக்கு அரிக்கும். எல்லோருக்கும் அப்படித்தான் அரிக்கும், அதுதான் முந்திரியின் ருசி என்று நினைத்துக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்தது அவருடைய நிச்சயதார்த்தத்தன்று. பெண் அருணாசலவடிவு, ஏரல்காரி. அவளுடைய பெரியம்மா ஒரு மக்ரூனை எடுத்து மாப்பிள்ளை வாயில் ஊட்டினார். போட்டோக்காரர் லென்ஸைத் திருகி முடிப்பதற்குள் உதடு இரண்டும் வடை மாதிரி உப்பின. கண் மூடிக்கொண்டது. மூச்சு விசிலடித்தது. நாலு பேர் தூக்கி ஆட்டோவில் போடும்போது அந்தப் பெரியம்மா வாசலில் நின்று, "போட்டோவுல காட்டின மாப்பிள இவரு இல்லையே! ஆள மாத்திட்டாவளே!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கறாராகச் சொன்னார். "இந்தத் தடவை பிழைச்சிட்டீங்க. முந்திரி அரைச்சது, பொடிச்சது, வறுத்தது எதுவும் கூடாது. முந்திரி பட்ட கரண்டி கூடக் கூடாது. இந்த ஊசி எப்பவும் கூட இருக்கணும். மூச்சு முட்டினா யோசிக்காம தொடையில போட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

வேறு யாராயிருந்தாலும் அன்றோடு வீட்டுச் சாப்பாட்டுக்குள் அடங்கியிருப்பார்கள். செந்தூர்வேலால் முடியவில்லை. துறைமுகத்துக் கன்டெய்னர் ஏஜென்சியில் வேலை. மதியம் எங்கே இருப்பார், சாயங்காலம் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அதைவிட முக்கியமான காரணம், அவருக்கு ஹோட்டல் என்றால் உயிர். மனைவியாகிவிட்ட வடிவு நன்றாகவே சமைப்பாள். அதை அவரே ஊரெல்லாம் சொல்வார். ஆனால் கல்லில் கரண்டி கொத்துகிற சத்தமும், சப்ளையர் தோளில் துண்டோடு வந்து "அடுத்து என்ன அண்ணாச்சி?" என்று கேட்பதும் வீட்டில் கிடைக்குமா?

ஆகவே அவர் ஹோட்டல்களில் விசாரிக்கப் பழகினார்.

முதலில் போன இடத்தில், "குருமாவுல முந்திரி இருக்கா?" என்று கேட்டார். சப்ளையர் அடித்துச் சொன்னார்: "முந்திரியே கெடையாது சார். அரைச்சுத்தான் ஊத்தியிருக்கு."

இன்னொரு இடத்தில், "பொங்கல்ல முந்திரி வேண்டாம்" என்றார். பொங்கல் வந்தது. அதன் நடுவே சின்னச் சின்னக் குழிகள். "ஒண்ணு விடாம எடுத்துட்டேன் சார்," என்று சப்ளையர் விரலைக் காட்டினார். விரலில் நெய் மினுங்கியது.

மூன்றாவது இடம்தான் மோசம். அங்கே உப்புமா வந்ததும், உறுதி செய்துகொள்ள, "இதுல முந்திரி இல்லைலா?" என்றார். சப்ளையர் முகம் வாடிவிட்டது. "மன்னிச்சிருங்க சார், கவனிக்கல," என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, கைநிறைய முந்திரியைத் தூவிக்கொண்டு வந்து வைத்தார்.

இப்படி அலைந்து கடைசியில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பேச்சிமுத்து அண்ணாச்சியின் பரோட்டா கடைக்கு வந்தார். கல்லாவில் நெற்றி நிறைய விபூதியோடு அண்ணாச்சியே உட்கார்ந்திருந்தார். செந்தூர்வேல் தன் கதை முழுவதையும் சொன்னார். மக்ரூன், தொண்டை, ஊசி, டாக்டர் எல்லாம்.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கவலப்படாதீய, கொஞ்சமாப் போடச் சொல்லுதேன்," என்றார்.

செந்தூர்வேல் பெருமூச்சு விட்டு எழுந்தார். அப்போதுதான் பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் சப்ளையரிடம், "கத்திரிக்கா வைக்காதீய. காசியில விட்டாச்சு," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கல்லாவிலிருந்து அண்ணாச்சி துள்ளி எழுந்தார். "ஏலே! அந்தத் தட்ட எடு! புதுக் கரண்டி எடு! கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வால! காசிக்குப் போயிட்டு வந்தவரு!" அடுப்படியே கிடுகிடுத்தது. காசிக்குப் போகிறவர்கள் பிடித்த காய் ஒன்றைக் கங்கைக் கரையில் விட்டுவிட்டு வருவார்கள், அப்புறம் ஆயுசுக்கும் தொடமாட்டார்கள். அது செந்தூர்வேலுக்கும் தெரியும். அதற்கு இவ்வளவு சக்தி உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

சில வாரம் கழித்து மறுபடி போனார். இத்தனை வாடிக்கையாளருக்கு நடுவில் அண்ணாச்சிக்கு முகம் ஞாபகமில்லை. செந்தூர்வேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "காசியில முந்திரிய விட்டுட்டேன் அண்ணாச்சி," என்றார்.

தனிச்சட்டி வந்தது. தனிக் கரண்டி வந்தது. முந்திரி அரைக்காத சால்னா தனியாகக் கொதித்தது. அண்ணாச்சியே பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தார். "ஆனா மட்டன் சாப்பிடுதீயளே?" என்று மட்டும் தயங்கிக் கேட்டார்.

"முந்திரியத்தான விட்டேன் அண்ணாச்சி. ஆட்ட விடலையே."

அன்று அவர் சாப்பிட்ட மாதிரி ஒரு மனிதன் சாப்பிட்டு அந்தக் கடை பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது வடிவு திட்டினாள். "சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லுதீயளே, அந்தச் சோறு செமிக்குமா?"

"ஏளா, உண்மையச் சொன்னாத்தான் செமிக்காது. ஆஸ்பத்திரிலா."

பிரச்சினை என்னவென்றால் பேச்சிமுத்து அண்ணாச்சி காசிக்குப் போனதில்லை, போக ஆசை. அதனால் கேள்வி கேட்டார். செந்தூர்வேலோ மதுரைக்கு வடக்கே கால் வைத்ததில்லை. காசி எப்படி இருக்கும்? "கூட்டம்னா கூட்டம் அண்ணாச்சி." கங்கை? "தண்ணின்னா தண்ணி." விஸ்வநாதர்? "பாத்தவுடனே தள்ளிட்டாவ அண்ணாச்சி, கூட்டம்." அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொள்வார். மெல்ல மெல்ல 'சார்' போய் 'காசி அய்யா' ஆனது. கடையை விரிவாக்கி ஏசி ஹால் கட்டியபோது, புது அடுப்பைப் பற்றவைக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். பொய் சொன்ன பயத்தில் மூன்று தீக்குச்சியை அணையவிட்டார். பக்தி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. ஒரு சாயங்காலம் செந்தூர்வேல் வடிவோடு கடைக்குப் போனார். அண்ணாச்சி ஒரு தூக்குவாளியோடு காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"காசி அய்யா, எங்க குலசாமிக்குக் கொடைத் திருவிழா முடிஞ்சு பிரசாதம் கொண்டாந்திருக்கேன். சக்கரப் பொங்கல்." மூடியைத் திறந்தார். நெய்யில் பொன்னாக வறுத்த முந்திரி. பொங்கல் கண்ணுக்கே தெரியவில்லை. "பாவம், இத்தன வருசமா முந்திரியில்லாம இருக்கியளேன்னு பூசாரிகிட்ட கேட்டேன். காசியில விட்டது குலசாமி பிரசாதத்துக்குச் செல்லாதாம்! ஆ காட்டுங்க!"

செந்தூர்வேல் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அண்ணாச்சி ஒரு உருண்டையை உருட்டிக்கொண்டு நெருங்கினார். செந்தூர்வேல் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கூச்சத்தில் ஓடுகிறார் என்று அண்ணாச்சி நினைத்தார். மேசையைச் சுற்றி ஒருவர் ஓட, ஒருவர் துரத்த, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கை கழுவும் இடத்தில் செந்தூர்வேல் மாட்டிக்கொண்டார். அண்ணாச்சியின் பெருவிரல் அவர் மோவாயைத் தொட்டது.

"அண்ணாச்சி, விடுங்க!" என்று அலறினாள் வடிவு. "அவரு காசிக்கே போகல! முந்திரி தின்னா செத்துருவாரு!"

கரண்டி கொத்துகிற சத்தம் நின்றது.

வடிவு கணவரின் மோவாயைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். ஒரு கையில் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, "மூச்சு விடுங்க. பேசுங்க. எம்பேரு என்ன?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

"அருணாசலவடிவு. ஏரல். மூச்சு சரியா இருக்கு."

ஆனால் விரல் பட்ட இடம் எல்லோர் கண்முன்னும் அப்பளம் மாதிரி தடித்துச் சிவந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். தன் பெருவிரலைப் பார்த்தார். போய்க் கழுவினார். வந்து பார்த்துவிட்டு மறுபடியும் போய்க் கழுவினார்.

தடிப்பு மேலே பரவவில்லை, மூச்சும் சீராக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பேச்சு வந்தது.

"இத மொதல்லயே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா வே?" காசி அய்யா போய் 'வே' வந்துவிட்டது.

"சொன்னேன் அண்ணாச்சி. மொத நாளே, ஊசி வரைக்கும் சொன்னேன். கொஞ்சமாப் போடச் சொல்லுதேன்னிய."

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்த்துக்கொண்டிருந்தது. "நான் கொன்னுருப்பேனே வே," என்றார். "சாமி பேரச் சொல்லிப் பொய் சொன்னது தப்புதான். ஆனா சொல்லலேன்னா நான் கேட்டிருக்க மாட்டேன்." பிறகு குரல் தாழ்த்தி, "அந்தப் புது அடுப்பு நல்லாத்தான எரியுது? அதுல ஒண்ணும் வந்துராதுலா?" என்றார்.

நல்லாத்தான் எரியும் என்று செந்தூர்வேல் சொன்னார்.

மறுநாளிலிருந்து அண்ணாச்சி ஆளே மாறிவிட்டார். செந்தூர்வேலின் சட்டியைத் தன் கையாலேயே கழுவினார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர் ஒவ்வொருவரிடமும் வணக்கம் சொல்லி, "எதையாவது தின்னா செத்துருவியளா?" என்று கேட்க ஆரம்பித்தார். குடும்பத்தோடு வந்த இரண்டு பேர் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். "உங்க கடையில எதத் தின்னாலுமா?" என்று ஒருவர் பயந்து கேட்டார். செந்தூர்வேல்தான் உட்காரவைத்து, எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார். "சேராதது ஏதாவது உண்டா அண்ணாச்சின்னு கேளுங்க. சாவு வேண்டாம்."

அந்த வாரக் கடைசியில் ஆலந்தலையிலிருந்து சிலுவை என்று ஒரு மீனவர் வந்தார். கதவை அடைத்து நிற்கும் ஆள். அண்ணாச்சி புதுப் பாடத்தைச் சரியாக ஒப்பித்தார். சிலுவை இடமும் வலமும் பார்த்தார். ஊர்க்காரர் யாருமில்லை. குனிந்து அண்ணாச்சியின் காதில், "றாலு," என்றார். "தின்னா தொண்ட அடச்சிரும். கடல்காரனுக்கு இப்படின்னு வெளிய தெரிஞ்சா கேவலம் அண்ணாச்சி. யாருகிட்டயும் சொல்லிராதிய."

அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, பஸ் ஸ்டாண்டு வரை கேட்கிற குரலில் கத்தினார்:

"மாஸ்டர்! ஆலந்தலை அண்ணாச்சிக்கு றாலு ஆகாதாம்! சட்டி, கரண்டி, கல்லு எல்லாத்தையும் கழுவுங்கல!"

கடை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிலுவை தண்ணீர் ஜக்குக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ளப் பார்த்தார், ஜக்கு போதவில்லை. செந்தூர்வேல் தன் இலையைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பொரிச்ச பரோட்டா சொல்லுங்க," என்றார். "இங்கன நல்லா இருக்கும்."