காஜா மைதீன் பாய் வைத்த தண்ணீர்க் கிண்ணம்

வள்ளிக்கண்ணு முதன்முதலாகக் காந்தி மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருக்கும் காஜா மைதீன் பாயின் கடைக்கு நாட்டுக்கோழி கொண்டுபோன அன்று, அவர் தராசைத் தொடவே இல்லை. கோழிகளின் கால்கட்டை அவிழ்த்துவிட்டு, ஒரு அலுமினியக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். துறையூரிலிருந்து பஸ்ஸில் தலைகீழாகத் தொங்கி வந்த கோழிகள் ஆசை ஆசையாகக் குடித்தன.

"தண்ணி குடிச்சா எடை ஏறுமே பாய்?"

"ஏறட்டும்மா. நீங்களும் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. எல்லாரும் தெளிஞ்சப்புறம் எடை போட்டுக்கலாம்."

தன்னையும் கோழிகளோடு சேர்த்துவிட்டாரே என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து ஆறு வருடம் வேறு கடைப்படி அவள் ஏறவில்லை. கொள்ளிடம் பாலத்தில் பஸ் வரும்போது ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு, அப்புறம் பாய் கடை. அவர் கடையில் ஒரு சாக்குத் திரை தொங்கும். கத்தி தீட்டுவதும் அறுப்பதும் அதற்குப் பின்னால்தான். ஒரு உயிர் போவதை இன்னொரு உயிர் பார்க்கக் கூடாது என்பார்.

போன கார்த்திகையில் பச்சைமலை அடிவாரத்தில், அவள் ஊருக்குப் பக்கத்துப் பெரிய பண்ணையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. பறவைக் காய்ச்சல் என்றார்கள். சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கோழி மிஞ்சக் கூடாது என்று உத்தரவு. வள்ளிக்கண்ணுவிடம் பன்னிரண்டு இருந்தன. பதினொன்றைக் கொட்டகையில் விட்டாள். செஞ்சேவலை மட்டும் பஞ்சாரக் கூடையில் போட்டு உள்ளறைக்குக் கொண்டுபோனாள். மகள் ரஞ்சனிக்குப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் கருப்பசாமிக்குத் தருகிறேன் என்று நேர்ந்துவிட்ட சேவல் அது. பிள்ளை பிறந்து இருபது நாள். சாமிக்கு விட்டதை நோய் அண்டாது என்று அவள் நம்பினாள். அதே அறையில்தான் ரஞ்சனியும் பச்சைப் பிள்ளையும் படுத்திருந்தார்கள்.

வெள்ளை உடுப்பு, கண்ணாடி, முகமூடியோடு நாலு பேர் வந்தார்கள். யார் எவர் என்றே தெரியவில்லை. அதில் ஒருவர் கொட்டகை முன்னால் குந்தி, பையிலிருந்து ஒரு அலுமினியக் கிண்ணத்தை எடுத்துத் தண்ணீர் ஊற்றினார். பிறகு வேலியில் ஒரு சாக்கை விரித்துக் கட்டினார்.

"பாய், இன்னும் நாப்பது வீடு கெடக்கு," என்றார் கால்நடை டாக்டர் அனுசுயா.

"ரெண்டு நிமிஷம் டாக்டரம்மா. போற உயிரு, தொண்டைய நனைச்சுக்கிட்டுப் போகட்டும்."

வள்ளிக்கண்ணுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாய்! நீங்களா இந்த வேலைக்கு?"

"கூப்பிட்டாங்க, எல்லாரும் பயந்தாங்க. பழக்கமில்லாத கை புடிச்சா அதுங்க ரொம்ப துடிச்சுப்போயிடும்மா. அதான் வந்தேன்." கொடியை அண்ணாந்து பார்த்தார். "குழந்தைத் துணி காயுதே! எடுத்து உள்ள வைங்க. இது மனுசங்களையும் தொத்துற நோவு. பச்சப்புள்ள பக்கத்துல கோழி வாடையே ஆகாது."

அவள் கொடியிலிருந்து துணியை உருவி எடுத்தாள். சேவலைக் கொடுத்தால் சாமி குற்றம். கொடுக்காவிட்டால் பேரப்பிள்ளை. துணியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். "பாய், உள்ள இன்னும் ஒண்ணு இருக்கு. சாமிக்கு நேர்ந்தது."

"என்னம்மா நீங்க! பிள்ளை இருக்கிற ரூம்லயா?" என்று டாக்டர் சத்தம் போட்டார். பாய் கையை உயர்த்தி அவரை அமர்த்தினார். முதலில் தாயையும் பிள்ளையையும் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். அப்புறம் அவரே உள்ளே போய்ப் பஞ்சாரத்தோடு சேவலைக் கொண்டுவந்தார்.

"உங்க சாமிக்கு எப்படிம்மா குடுப்பீங்க?"

"மேல தண்ணி தெளிப்போம். உடம்பைச் சிலுப்புச்சுன்னா சாமி ஏத்துக்கிட்டாருன்னு அர்த்தம். இல்லாட்டி தொட மாட்டோம்."

"அப்ப தெளிங்க. அது சிலுப்புற வரைக்கும் நானும் தொடல."

டாக்டர் எட்டி நிற்கச் சொன்னார். எட்டி நின்றே, கோயில் திசை பார்த்துக் கும்பிட்டு, ஒரு கை தண்ணீரை வீசினாள். சேவல் அசையவில்லை. இன்னொரு கை. அப்பவும் கல்லு மாதிரி நின்றது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பாய் அவசரப்படவே இல்லை. பஞ்சாரத்தை லேசாகத் தூக்கி, கிண்ணத்தை அதன் பக்கம் நகர்த்தி வைத்தார். நாலு வாய் குடித்தது. மூன்றாவது கை தண்ணீர் விழுந்ததும், கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பியது பாருங்கள், பாய் போட்டிருந்த கண்ணாடியெல்லாம் தண்ணீர்!

"ஏத்துக்கிட்டாரும்மா," என்று அவரே முதலில் சொன்னார். இரண்டு கையாலும் அதை ஏந்தி, சாக்குக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒரு கூவல் கேட்கவில்லை. அல்லாவின் பெயரை அவர் மெதுவாகச் சொன்னதுதான் கேட்டது. மாற்று மார்க்கத்து மனிதர் ஒருவர் தன் சாமிக்காக இப்படிக் காத்து நின்றதை நினைத்தால் வள்ளிக்கண்ணுவுக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாதங்கள் போய், தடை நீங்கி, புதுக் குஞ்சுகள் வளர்ந்த பிறகு, கூடையோடு அவள் மார்க்கெட்டுக்குப் போனாள். கடையில் பாய் இல்லை. மகள் மெஹ்ரீனோடு துபாய்க்கே போய்விட்டாராம். கடையைப் பார்த்துக்கொள்ளும் அவர் தம்பி ஆசாத் கூடையைத் திறந்து பார்த்து, "என்னம்மா, காலக் கட்டாமலே கொண்டாந்துட்டீங்க?" என்று கேட்டார்.

கோழிகளை அழித்துவிட்டுக் கிளம்பிய அன்றைக்கு வேலிக்கு அந்தப்பக்கம் நின்று அண்ணன் சொன்னதை அவள் அவரிடம் சொன்னாள். ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போங்கள் என்று அவள் கெஞ்சியபோது பாய் சொன்னது:

"இந்த உடுப்போட எதையும் தொடக் கூடாதும்மா, மனசுல குடிச்சிட்டேன். திரும்பக் கோழி வளப்பீங்க, பாருங்க. அப்ப மட்டும் காலைக் கட்டாம, கூடையில உக்கார வச்சுக் கூட்டியாங்க."