காதுக்காரர் மாட்டிய பெரிய டர்போ

அந்தத் தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்றுதான் பேர். கார் பட்டறைக்குள் நுழையும்போதே, "ரெண்டாவது சிலிண்டர்ல வால்வு தளர்ந்திருக்கு" என்று சொல்லிவிடுவார். திறந்து பார்த்தால் அப்படியே இருக்கும். சந்தேகம் வந்தால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் இன்ஜின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது தும்மினால்கூட முறைப்பு விழும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கருப்பா வெள்ளையா என்று நிறம் பார்க்கும் மெக்கானிக்குகளை அவர் ஆளாகவே மதித்ததில்லை. "காது இருக்கிறவன் எதுக்குய்யா பிளக்கைக் கழட்டணும்?" என்பார். தலைக்கனம்தான். வேலை தெரிந்த தலைக்கனம் என்பதால் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காதுதான் போய்விட்டது.

ஒரேயடியாகப் போகவில்லை. லாரி போவது கேட்கும், கதவைச் சாத்துவது கேட்கும், ஆட்கள் பேசுவது பாதி கேட்கும். மெல்லிய, கூர்மையான சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டன. குக்கர் விசிலடித்து ஓய்ந்த பிறகும் "இன்னும் விசில் வரலியா?" என்று அவர் கேட்டபோதுதான் மனைவிக்கு விஷயம் பிடிபட்டது. டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். காலமெல்லாம் இன்ஜின் பக்கத்தில் காதைக் கொடுத்து நரம்பு செத்துவிட்டது, போனது திரும்பாது, மிஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

"வச்சுக்குங்களேன். கண்ணுக்குக் கண்ணாடி போடுறதில்லையா?" என்றாள் மனைவி.

"காதுல மிஷினோட உக்காந்திருந்தா எவன் என்னை நம்பி வண்டியக் கொண்டுவருவான்? நீ யார்கிட்டயும் வாயத் திறக்காத, அது போதும்."

அவள் திறக்கவில்லை. காதும் காதும் வைத்த மாதிரி இரண்டு பேருமாக மறைத்தார்கள். வீட்டில் எது சொல்வதானாலும் அவள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அவர் முகத்துக்கு நேரே வந்து நின்று சொன்னாள். பட்டறையில் அவர் வாடிக்கையாளரின் உதட்டைப் பார்த்துத் தலையாட்டப் பழகிக்கொண்டார். ஆனால் இன்ஜினுக்கு உதடு கிடையாதே. சத்தம் பார்க்க வேண்டிய வண்டி வந்தால் நேரமில்லை என்று திருப்பி அனுப்பினார். ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது என்று பிழைப்பு ஓடியது. காலையில் பட்டறையைத் திறந்ததும் கிடக்கிற வண்டி எதையாவது கிளப்பி, ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துப் பார்ப்பார். கனத்த உறுமல் மட்டும் வரும். அதற்குள்ளே முன்பு கேட்ட நூறு சத்தங்களில் ஒன்றும் வராது. அப்படியே கொஞ்ச நேரம் நிற்பார். செத்துப்போனவர் வீட்டு வாசலில் நிற்பதுபோல இருக்கும் அவருக்கு.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் அக்கா மகன் வந்தான். கூரியர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஊருக்கு வெளியே உள்ள ஓடுதளத்தில் தன் பழைய டர்போ காரை விரட்டுவது பொழுதுபோக்கு. எப்போதும் ஒரே ஆளிடம் தோற்று வந்தான். கையில், இன்ஜினுக்குள் காற்றை ஊதித் திணிக்கிற ஒரு பெரிய டர்போவை, பச்சைக் குழந்தையைப் போலத் துணி சுற்றிப் பிடித்திருந்தான்.

"மாமா, இதை மாட்டணும். மாட்டுறது நீங்க. லேப்டாப் வச்சு டியூன் பண்றவர் ஒருத்தர் இருக்காரு, கடைசியில அவர்கிட்ட ஒரு தடவ காட்டிக்கலாமா?"

மூக்குக்கு மேல் வந்தது கோபம். "என் காதை விட அவன் லேப்டாப் உசத்தியாடா?"

"ஐயோ, சும்மா கேட்டேன் மாமா. நீங்க இருக்கும்போது அவர் எதுக்கு?"

இந்த இடத்தில் அந்த மனுஷன் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொந்தத்தில் அவர் காதை இன்னமும் முழுசாக நம்புகிறவன் இவன் ஒருவன்தான். அவனிடமும் சொல்லிவிட்டால் தான் யார் என்று அவருக்கே தெரியாமல் போய்விடும். அந்தப் பயம்தான்.

மாட்டின வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இறுகிப்போன போல்ட்டுகளைச் சூடுகாட்டிப் பக்குவமாகக் கழற்றினார். புது டர்போவுக்குள் கையாலேயே ஆயில் ஊற்றினார். ஆயில் திரும்பி இறங்கும் குழாயைச் சரியான சரிவில் வளைத்தார். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும் என்று அதைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்களையும் போட்டார். கைக்கு ஒன்றும் ஆகவில்லையே.

மிச்சமிருந்தது தீப்பொறி விழும் நேரத்தை வைப்பது. பெரிய டர்போ காற்றை அள்ளித் திணிக்கும்போது பொறி கொஞ்சம் முந்தி விழுந்தாலும் பெட்ரோல் தாறுமாறாக வெடித்துப் பிஸ்டனைத் தின்றுவிடும். அதற்கு முன்பு இன்ஜின் ஒரு மெல்லிய, கூர்மையான சத்தம் கொடுத்து எச்சரிக்கும். அந்தச் சத்தம் வருகிற இடம்வரை போய், அங்கிருந்து ஒரு மயிரிழை பின்வாங்கி நிறுத்துவதுதான் அவர் பெயர் வாங்கிய வித்தை.

தொழிற்சாலைகளுக்குப் பின்னாலுள்ள நேர் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். மருமகன் ஓட்ட, அவர் பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பெரிய டர்போ விழித்துக்கொள்ள நேரமாகும். அதுவரை வண்டி சோம்பிக் கிடந்தது. நிறுத்தச் சொல்லி, பானெட்டைத் திறந்து, பொறியை ஒரு துளி முந்த வைத்தார். மறுபடி ஓட்டம். சத்தமில்லை. இன்னொரு துளி. சத்தமில்லை. வண்டி சீறிக்கொண்டு போனது. மருமகன் அடிக்கடி அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். மாமனின் திறமையில் வாயடைத்துப்போய்விட்டான் என்று நினைத்தார். நெஞ்சு நிறைந்தது. டாக்டருக்கு என்ன தெரியும், காது இன்ஜினுக்கு மட்டும் திறந்திருக்கிறது என்றுகூட நினைத்தார், பாவம்.

"இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்டா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்தார். முதல் சுற்றில் மருமகன் முன்னால் வந்தான். அடுத்த சுற்றில் நீலப் புகை பீறிட்டது. கார் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது.

மறுநாள் பட்டறையில் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றினார்கள். ஒரு பிஸ்டனின் தலையில் ஓட்டை. ஓரமெல்லாம் எலி கொறித்ததுபோல் இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எப்படி மாமா?" மருமகன் எதிரே நின்று கேட்டான்.

"பெட்ரோல் சரியில்ல."

"அப்படித்தான் இருக்கும். அன்னிக்கு ஓட்டிப் பாத்தப்பவே டப்பாக்குள்ள ஆணியப் போட்டுக் குலுக்கினமாதிரி ஒரே சத்தம். எனக்கு பயமாத்தான் இருந்துச்சு, உங்களயே பாத்துட்டிருந்தேன். நீங்க கண்ண மூடிக் கேட்டுட்டு இன்னும் ஏத்தலாம்னீங்க. சரி, பெரிய டர்போன்னா இப்படித்தான் சத்தம் வரும்போலன்னு விட்டுட்டேன்."

பெட்ரோல்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க வழி இருந்தது. அவன் அதைத்தான் நீட்டிக்கொண்டு நின்றான். ஆனால் அந்தப் பிள்ளை பயந்து பயந்து தன் முகத்தைப் பார்த்ததை நினைத்தபோது அவருக்கு அதை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. கீழே கிடந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எனக்குக் காது போயிடுச்சுடா. ரொம்ப நாளாச்சு. உன் அத்தைக்கு மட்டும்தான் தெரியும்."

மருமகன் திட்டுவான் என்று தலையைக் குனிந்துகொண்டார். திட்டினால் தாங்கியிருப்பார். அவன் பக்கத்தில் வந்து குந்தினான். அவர் காதுக்கு அருகில் வாயைக் கொண்டுவந்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உரக்கக் கத்தினான்:

"பரவாயில்ல மாமா! கேக்குதா? காது போனா என்ன? பரவாயில்ல!"

அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் நன்றாகக் கேட்டது. பக்கத்து டயர் கடையில் இருந்தவர்களுக்கும் கேட்டது. எல்லோரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.