அடுத்தவர் கொட்டாங்குச்சி

ஜப்பான்காரன் காலத்தில் என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று பேரை அப்பா திருப்பி அனுப்பினார். ஜாதகத்தில் குறையில்லை, குடும்பத்திலும் குறையில்லை. ஒருவர் உண்டிவில்லில் இழுத்த ரப்பரோடு பின்னால் திரும்பிப் பார்த்தார். இன்னொருவர் பக்கத்து ஆளுக்குக் குறி தவறியதும் சிரித்தார். மூன்றாமவர் தன் முறை வருமுன்னே கோட்டைத் தாண்டினார். அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்.

சண்டைக்கு முன்னால் அப்பாவுக்குத் துரைமார்களின் துப்பாக்கி கிளப்பில் வேலை. பள்ளத்தில் உட்கார்ந்துகொண்டு பொறியில் களிமண் தட்டை வைப்பார். துரை குரல் கொடுத்ததும் விசையை இழுப்பார். தட்டு மேலே பறக்கும், துரை சுடுவார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அப்பா துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் சுடுகிற இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று துரைமார்களுக்கே பாடம் எடுப்பார். பள்ளத்தில் இருந்தது அவருடைய தலையல்லவா!

ஜப்பான்காரன் வந்ததும் துரைமார் ஓடினார்கள், துப்பாக்கிகள் போயின, கிளப் மைதானத்தில் மரவள்ளி முளைத்தது. அப்பாவிடம் மிஞ்சியது சட்டங்கள் மட்டும்தான். அவற்றை வைத்துக்கொண்டு மனிதர் சும்மா இருப்பாரா? எங்கள் ஊரான காஜா பெராங்கில் வீட்டுக்குப் பின்னால் கிடந்த காலி நிலத்தில் செங்கல் பதித்து, நிற்கும் இடம் குறித்தார். துப்பாக்கிக்குப் பதில் லாஸ்திக், அதாவது கொய்யாக் கவையில் சைக்கிள் டியூப் கட்டிய உண்டிவில். தட்டுக்குப் பதில் கொட்டாங்குச்சி. ஞாயிறு சாயங்காலம் மண்மேட்டுக்குப் பின்னால் அப்பா பதுங்கிக்கொள்வார். "விடு!" என்றால் ஒரு கொட்டாங்குச்சி பறக்கும்.

பெண்களுக்கு முதலிடம் என்பதும் துரைமார் சட்டமாம். அதனால் நானும் வரிசையில் நின்றேன், நன்றாகவே அடித்தேன். எல்லாவற்றிலும் பெரிய குற்றம் அடுத்தவர் கொட்டாங்குச்சியை அடிப்பது. அடித்தவர், பறிகொடுத்தவர் 'போதும்' என்று சொல்லும்வரை அவருக்குக் கல் பொறுக்கிக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமா ஒருமுறை என்னுடையதை அடித்துவிட்டார். விளக்கு வைக்கும்வரை நான் போதும் என்று சொல்லவில்லை. மாமாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, மாமி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருப்பவர்கள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. "மாப்பிள்ளை பாக்குறீங்களா, காக்கா விரட்ட ஆள் பாக்குறீங்களா?" என்று அம்மா கத்துவாள். அப்பா காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

நாலாவதாக உஜோங் பாசிர் என்ற ஊரிலிருந்து ஒருவர் தன் அம்மாவோடு வந்தார். அவித்த மரவள்ளிதான் பலகாரம். அதையும் "நல்லா வெந்திருக்கு" என்று சொல்லிச் சாப்பிட்டார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. காதுகூடக் கொஞ்சம் பெரிதுதான்.

பிறகு எல்லாரும் பின்பக்கம் போனோம். அப்பா சட்டங்களை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அவரும் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். மரியாதையில் ஓர் அப்பழுக்கு கிடையாது. தன் முறை வரும்வரை ரப்பர் தொய்வாகத் தொங்கியது, கல் சட்டைப்பையில் இருந்தது. நான் அடித்தபோது "நல்ல அடி" என்று மெல்லச் சொன்னார். குறிதான் கொடுமை. முதல் கல் வாழைமரத்தில், இரண்டாவது எங்கள் சமையலறைக் கூரையில். மூன்றாவதும் நாலாவதும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது.

ஆளுக்கு ஐந்துதான். ஐந்தும் தவறினால் இந்த மனிதர் வெட்கப்பட்டு இந்தப் பக்கமே திரும்பமாட்டார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. "விடு!" என்றார் அவர். கொட்டாங்குச்சி எழும்பியது. என் கை என்னைக் கேட்கவில்லை. டொக்!

மண்மேட்டுக்கு மேல் அப்பாவின் தலை முளைத்தது. "அது யாரோட கொட்டாங்குச்சி?"

"அவரோடது," என்றேன்.

அப்பா நேராக அவருடைய அம்மாவிடம் போய்க் கைகூப்பினார். "மன்னிச்சுக்குங்கம்மா. தம்பிகிட்ட ஒரு குறையும் இல்ல. எங்க பொண்ணுதான் சரியில்ல. இவ்வளவு நல்ல பிள்ளைக்கு இவளக் குடுக்க எனக்கு மனசு வரல."

என் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று முறை மாப்பிள்ளை தோற்றார், இந்த முறை நான் தோற்றேன்.

அவர் மட்டும் பதறவில்லை. "மாமா, இதுக்குத் தண்டனை கல்யாணம் வேணாங்கறது இல்லையே. நான் போதும்னு சொல்றவரைக்கும் கல் பொறுக்கணும்னுதானே சொன்னீங்க?"

"ஆமா," என்றார் அப்பா. சட்டம் பேசினால் அவர் மடங்கிவிடுவார்.

"அப்ப பொறுக்கட்டும்."

பொறுக்கினேன். ஒவ்வொரு கல்லையும் நன்றி சொல்லி வாங்கினார். வெயில் சாய்ந்தது, சட்டைப்பைகள் நிரம்பி வழிந்தன. "தம்பி, போதும்னு ஒரு வார்த்த சொல்லிடுங்களேன்," என்று அப்பாவே கெஞ்சினார்.

"இன்னும் இல்ல மாமா."

தை மாதம் கல்யாணம். முப்பத்தெட்டு வருடம் குடித்தனம் நடத்தினோம். ஒரு கொட்டாங்குச்சியைக்கூட அவர் அடித்ததில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, "இப்பவாவது போதும்னு சொல்லுங்களேன்," என்று கேட்டேன். தலையை அசைத்து, மாட்டேன் என்றார்.