தங்கச்சியின் முகத்தில் நான் பூசியது

தங்கச்சிக்குப் பதினாறு வயதில் நெற்றியிலும் தாடையிலும் பருக்கள் வரத் தொடங்கின. இந்த வயதில் வருவதுதான், தானாகப் போய்விடும் என்றார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். என் கன்னங்களில் இப்போதும் குழிகள் இருக்கின்றன. அவளுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் ஒரு சலூன்காரியிடம் அந்தக் கிறீமை வாங்கினேன். வெள்ளை டப்பி. மேலே ஒரு எழுத்தும் இல்லை.

"நாங்களே கலக்கிறது. ஒரு கிழமையிலை வித்தியாசம் தெரியும்" என்றாள்.

தெரிந்தது. ஏழே நாளில் முகம் கண்ணாடி மாதிரி ஆனது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னோடு பாலர் பாடசாலையில் படிப்பிக்கும் ஆசிரியைக்கும் ஒரு டப்பி வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் மாதம் தங்கச்சியின் டப்பி முடிந்தபோது சலூன் பூட்டிக் கிடந்தது. நாலைந்து நாள் கழித்துக் காலையில் நானும் அம்மாவும் சமைத்துக்கொண்டிருந்த குசினியின் வாசலில் அவள் வந்து நின்றாள். முகம் சிவந்து வீங்கி, வாயைச் சுற்றிச் சீழ் வைத்த பருக்கள். பூச முந்தி இருந்ததெல்லாம் இதற்குக் கிட்டவும் வராது.

"அக்கா, எரியுது."

"என்னடி பூசினனி?" என்று அம்மா பதறினார்.

"ஒண்டும் பூசேல்லை." என்னைப் பார்க்காமலே சொன்னாள். நான் வெறும் டப்பியை எடுத்துக் கைப்பைக்குள் ஒளித்தேன்.

பூநகரியில் காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போக, சால்வையால் முகத்தை மூடி அவளைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "அம்மன் வருத்தமோ, பிள்ளை?" என்று கேட்டுவிட்டு, அம்மை தொற்றிவிடும் என்ற பயத்தில் எழும்பிப்போய் வேறு இடத்தில் இருந்தார். தங்கச்சி கிளிநொச்சி வரும்வரை தலை நிமிரவில்லை.

டொக்டர் ஒரு பெண். "என்ன பூசினனீங்கள், பிள்ளை?"

"சவர்க்காரம் மட்டும்தான்" என்றாள் தங்கச்சி.

அவர் பேனையைக் கீழே வைத்தார். "இது சும்மா பரு மாதிரித் தெரியேல்லை. ஸ்டீரொயிட் கலந்த கிறீமைப் பூசிப்போட்டுத் திடீரெண்டு நிப்பாட்டினால் இப்பிடி வரும். உண்மையைச் சொன்னால்தான் நான் மருந்து தரலாம்."

வெறும் டப்பி என் கைப்பையில் இருந்தது. எடுத்து மேசையில் வைத்தேன். "நான்தான் குடுத்தனான்."

அவர் ஏசவில்லை. டப்பியை மணந்து பார்த்தார். "வேறை ஆருக்கும் குடுத்தனீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." பிறகு தங்கச்சியிடம் சொன்னார். "மருந்து தாறன். முதல் கொஞ்ச நாள் இன்னும் கூடும், பயப்பிடாதேங்கோ. ரெண்டு நேரம் மெதுவாய்க் கழுவுங்கோ, தேய்க்க வேண்டாம். கிள்ளக் கூடாது. தேசிக்காய்ச் சாறு, பற்பசை ஒண்டும் பூச வேண்டாம். மருந்து வேலை செய்ய மாதக்கணக்கு எடுக்கும்."

அன்று பின்னேரமே சைக்கிளில் ஆசிரியை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவரின் முகம் பளபளத்தது. "எனக்கு ஒண்டும் செய்யேல்லையே. உங்கடை தங்கச்சியின்ரை தோல் அப்பிடி" என்று கதவை மூடிவிட்டார். இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் பாடசாலையில் நான் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தபோது கிட்ட வந்து, "அந்த டொக்டர் எந்த நாளிலை இருப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். அவரின் டப்பியும் முடிந்திருக்க வேண்டும்; கன்னம் சிவந்திருந்தது.

டொக்டர் சொன்னது போலவே தங்கச்சிக்குக் கூடியது. பள்ளிக்கூடம் போக மறுத்தாள். அலுமாரிக் கண்ணாடியில் பழைய செய்தித்தாளை ஒட்டினாள். நான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னதிலிருந்து அவர் தேவைக்கு மட்டும்தான் என்னோடு பேசினார். மருந்தை நிப்பாட்டிவிடுவோமா என்று எனக்கே பல தரம் யோசனை வந்தது. அவளின் கை பருவுக்குப் போகும்போதெல்லாம் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் அவள் என் கையை உதறி, "உங்களாலைதானே" என்று கத்தினாள்.

ஆறாம் கிழமை புதிதாக ஒன்றும் வரவில்லை என்று அவளே சொன்னாள். பிறகு மெல்ல மெல்லச் சிவப்பு இறங்கியது. கறுப்புத் தழும்புகள் இருக்கின்றன, தாடையில் இரண்டு சிறிய குழிகளும். சால்வை இல்லாமல் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, இனி என்ரை முகத்துக்கு என்ன பூசிறதெண்டு நான்தான் முடிவெடுப்பன்."

"ஓம்" என்றேன்.