அப்பா போட்ட எனாமல் கோலம்

எங்கள் கொரட்டூர் வீட்டு வாசலில் தினமும் கோலம் போட்டது அம்மா. ஒரே ஒரு கோலம் போட்டது அப்பா. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்கு முட்டிவலி வந்து, குனிந்து நிமிர முடியாமல் திண்டாடினார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, ஆயுத பூஜைக்கு இயந்திரங்களுக்கு அடித்ததில் மிஞ்சிய வெள்ளை எனாமல் பெயிண்டைக் கேட்டு வாங்கி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசலின் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து தாமரைக் கோலம் வரைந்தார். ஒரு பக்கத்து இதழ்கள் குண்டு, மறுபக்கம் ஒல்லி. தெருவே வந்து கிண்டல் செய்தது. அம்மாவும் சேர்ந்து சிரித்தார், ஆனால் அது காய்கிற வரைக்கும் ஒரு கோழியைக்கூடக் கிட்டே விடவில்லை.

அடுத்த வருடமே வேலை செய்கிற இடத்தில் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரியில் அப்பா போய்விட்டார். உடல் வீட்டுக்கு வருவதற்குள் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். சாவு வீட்டு வாசலில் கோலம் இருக்கக்கூடாது. மாவுக் கோலம் என்றால் ஒரு சொம்புத் தண்ணீர் போதும். இது அசையவில்லை. அம்மாவின் அண்ணன், என் மாமா, மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார்.

நான் அப்போது கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஈரமாக இருக்கும்வரை எனாமல் மண்ணெண்ணெய்க்குக் கரையும். காயும்போது அதிலுள்ள எண்ணெய், காற்றிலிருக்கும் பிராணவாயுவைப் பிடித்துக்கொண்டு, ஒன்றோடு ஒன்று பின்னித் தோலாக இறுகிவிடும். அப்புறம் தண்ணீராவது, மண்ணெண்ணெயாவது. தெரிந்து என்ன பிரயோசனம்? மாமா உளியும் சுத்தியும் கேட்டார். அம்மா தரையில் உட்கார்ந்து ஒரு குண்டு இதழின் மேல் கையை வைத்துக்கொண்டார். மாமா மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, ஊர் வாய் யாரைத்தான் சும்மா விடுகிறது?

அப்போதுதான் எதிர் வீட்டு பாயம்மா ஒரு வாளியோடு வந்தார். பெருநாளுக்கு அவர்கள் வீட்டுச் சுவருக்கு அடித்து மீந்த பவுடர் டிஸ்டெம்பரைக் கரைத்து, தரையின் நிறம் வரட்டுமென்று அடுப்புச் சாம்பலையும் கலந்திருந்தார்.

"சொரண்ட வேணாங்க. இத்த மேல பூசிட்டா கோலம் தெரியாது. அப்பால தண்ணி ஊத்துனா இது போய்டும், அது போவாது" என்றார் மாமாவிடம்.

டிஸ்டெம்பரில் நிறத்தைப் பிடித்து வைத்திருப்பது வெறும் பசைதான். காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் பசை இளகி, நிறம் கையோடு வந்துவிடும். சுவரில் சாய்ந்தால் சட்டையெல்லாம் ஆகிறதே என்று நாங்கள் திட்டித் தீர்க்கும் அதே சரக்கு. அன்று அது தெய்வம் மாதிரி வந்தது. மாமா உளியைக் கீழே வைத்தார். அப்பா வந்து சேர்ந்தபோது வாசல் வெறும் தரையாக இருந்தது.

துக்கத்துக்கு வந்து போகிறவர்களின் காலடியில் பூச்சு தேயத் தேய, வெள்ளை எட்டிப் பார்த்தது. பாயம்மா தினமும் காலையில் வந்து, யாரும் கேட்காமலே, தேய்ந்த இடத்தில் மறுபடி பூசிவிட்டுப் போவார். தன் வீட்டு வேலை போட்டது போட்டபடி கிடக்கும். அந்த மனுஷியை நினைத்தால் இன்றும் என் கை தானாகக் குவிகிறது.

காரியம் முடிந்த மறுநாள் அம்மா தானே தண்ணீர் எடுத்துவந்து ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்தார். சாம்பல் நிறம் கரைந்து ஓட, இதழ்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்றுக்கும் சேதமில்லை. பாயம்மா பக்கத்தில் நின்றிருந்தார்.

"இனிமே நான் வாசல்ல கோலம் போடக் கூடாதாம். நேத்து சொல்லிட்டுப் போனாங்க" என்றார் அம்மா, தலை நிமிராமல்.

"நீ எதுக்குக்கா போடணும்? அண்ணன் போட்டு வச்சிக்கீறாரே."